காதடிக் கட்டிய எடுத்தாச்சு, இனி முகத்தை எப்படிச் சரி பண்றது?

எங்க அக்காவுக்கு வலது காதுக்குக் கீழ, தாடை எலும்பு திரும்புற எடத்துல, சுண்டைக்கா சைஸ்ல ஒரு உருண்டை வந்து ஆறு வருசமா அப்படியே கெடந்துச்சு. வலி இல்ல, காய்ச்சல் இல்ல, அதனால யாரும் கண்டுக்கல. மொதல்ல பாத்தப்ப எங்கம்மா பொன்னுக்கு வீங்கினு முடிவு பண்ணி தன் கழுத்துச் செயினைக் கழட்டி அக்கா கழுத்துல போட்டுவிட்டுச்சு, அக்கா வேலை பாக்குற கேரளா ஏலக்காட்டுல அங்கிட்டு உள்ளவங்க அதையே முண்டிநீருனு சொல்லி ஏதோ பச்சிலைய அரைச்சுத் தடவிவிட்டாங்க. பொன்னுக்கு வீங்கினா ரெண்டு வாரத்துல வடிஞ்சுரும், ஆறு வருசம் நிக்காதுங்கிற சின்ன விசயம் எங்க யாருக்கும் தோணல. எலுமிச்சம்பழம் சைஸ் ஆனப்புறம்தான் கம்பத்துலருந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் "பரோட்டிட்"னு சொன்னதும் மச்சான் "பரோட்டாவா சார்?"னு கேட்டுட்டாரு, அந்த டென்சன்லயும் அக்கா சிரிச்சுருச்சு. அந்தச் சிரிப்பு ரெண்டு பக்கமும் சமமா இருந்த கடைசிச் சிரிப்புங்கிறது அப்ப எங்களுக்குத் தெரியல.

நான் டாக்டர் இல்ல, கூடவே அலைஞ்ச தம்பி, அவ்வளவுதான். ஆனா ரெண்டு வருசம் அலைஞ்சதுல ஒண்ணு புரிஞ்சுச்சு. ஆபரேஷனுக்கப்புறம் முகத்துல வர்ற பிரச்சினைக எல்லாத்துக்கும் ஒரே அவசரம் கிடையாது. கண்ணு மூடலைனா அன்னைக்கே பாக்கணும், நரம்புக்கு ஒரு வருசம் ஒண்ணரை வருசம்தான் கெடு, கன்னத்துக் குழி எத்தனை வருசம் வேணாலும் காத்திருக்கும், தழும்பு தானாவே ஒரு வருசம் எடுத்துக்கும். நம்மாளுக என்ன செய்றாங்கன்னா தழும்புக்குத்தான் மொதல்ல கிரீம் வாங்குறாங்க, கண்ணைக் கடைசியில பாக்குறாங்க. நாங்களும் அப்படித்தான் பண்ணோம், அதனாலதான் இதை எழுதுறேன்.

மொதல்ல உள்ள என்ன இருக்குனு தெரிஞ்சுக்கணும். பரோட்டிட்ங்கிறது எச்சி ஊறுற சுரப்பிகள்ல பெருசு, காதுக்கு முன்னாடியும் கீழயும் தாடையைச் சுத்தி இருக்கும். அதுக்குள்ள நடுவுலதான் முகத்தை அசைக்கிற நரம்பு நுழைஞ்சு அஞ்சு கிளையாப் பிரியுது, நெத்திக்கு ஒண்ணு, கண்ணுக்கு ஒண்ணு, கன்னம் மேலுதட்டுக்கு ஒண்ணு, கீழுதட்டுக்கு ஒண்ணு, கழுத்துக்கு ஒண்ணு. மாமரத்துக் கிளைகளுக்கு நடுவுல ஒரு குளவிக்கூடு இருக்கு, கிளை ஒண்ணு கூட ஒடியாம கூட்டை மட்டும் எடுக்கணும்னா எப்படியோ அப்படித்தான் அந்த ஆபரேஷன். எச்சி சுரப்பியில வர்ற கட்டிகள்ல 100க்கு 80 கிட்ட பரோட்டிட்லதான் வருது, அதுலயும் 100க்கு 80 கிட்ட கேன்சர் இல்லாத சாதுக் கட்டிதான். அக்காவுக்கு வந்தது பிளியோமார்ஃபிக் அடினோமா, சாதுக் கட்டிகள்ல அதிகமா வர்றது. சாதுன்னாலும் விட்டு வைக்கக் கூடாது, வளந்துக்கிட்டே போகும், வருசக்கணக்குல விட்டா சிலதுல கேன்சராவும் மாறும்.

இதுல ஒரு எச்சரிக்கை. எங்க பக்கத்துல ஒரு ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில "இது சின்னக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்துல தோண்டி எடுத்துரலாம்"னு சொன்னாங்க. நல்லவேளை மச்சான் கையில அன்னைக்குக் காசு இல்ல. பரோட்டிட் கட்டிய உறையோட, சுத்தி உள்ள சதையும் சேத்து எடுக்கணும், உறை கிழிஞ்சு சிந்துச்சுன்னா பத்து வருசம் இருபது வருசம் கழிச்சுக்கூட கொத்துக்கொத்தாத் திரும்ப முளைக்கும், ரெண்டாவது தடவை வெட்டும்போது பழைய தழும்புக்குள்ள நரம்பைக் கண்டுபிடிக்கிறதே பெரும்பாடு. முகம் கெட்டுப்போறதுக்கு ஒரு பெரிய காரணம் மொத ஆபரேஷனை அவசரத்துல பண்றதுதான். ஸ்கேன், எஃப்என்ஏசினு மெல்லிசா ஊசி விட்டு எடுக்குற டெஸ்ட், தேவைன்னா எம்ஆர்ஐ, இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் கத்தி. தலை கழுத்து ஆபரேஷன் வழக்கமா பண்றவங்ககிட்டதான் போகணும், அது மதுரையோ கோட்டயமோ வேலூரோ, பஸ் செலவைப் பாக்காதீங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்டுல செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, யாரும் சொல்லித் தர மாட்டாங்க. முகத்தை போட்டோ எடுங்க. ரேஷன் கார்டு போட்டோ மாதிரி விறைப்பா ஒண்ணு, பல்லுத் தெரியச் சிரிச்சு ஒண்ணு, கண்ணை இறுக்கி மூடி ஒண்ணு, ரெண்டு பக்கவாட்டுலயும் ஒவ்வொண்ணு, அப்புறம் ஒரு நிமிசம் பேசுற வீடியோ. பின்னாடி பிளாஸ்டிக் சர்ஜன் "மொதல்ல எப்படி இருந்தாங்க"னு கேக்கும்போது எங்ககிட்ட இருந்தது வீரபாண்டித் திருவிழாவுல தலையில தீச்சட்டியோட எடுத்த ஒரே ஒரு போட்டோ, அதுல முகத்தைத் தவிர எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுச்சு. இன்னொண்ணு, யாருக்குமே பொறந்ததுலருந்து ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, பழைய போட்டோ இல்லைனா இருந்த கோணலையும் ஆபரேஷன் மேல போட்டுட்டு மனசு ஒடஞ்சு உக்காந்துருவாங்க.

அப்புறம் டாக்டர்கிட்ட மூணு கேள்வி. தையல் எங்க வரும், எடுத்த எடத்துல விழுற குழியை அதே டேபிள்ல நிரப்ப முடியுமா, நரம்பை வெட்ட வேண்டி வந்தா அப்பவே ஒட்டுப் போட ஆள் இருக்காங்களா. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேளுங்க. நாங்க ரெண்டாவது கேள்வியைக் கேக்கல, அப்படி ஒண்ணு கேக்கலாம்ங்கிறதே தெரியாது.

தையல் பத்தி. வழக்கமா காதுக்கு முன்னாடி இறங்கி, காது மடலுக்குக் கீழ சுத்தி, கழுத்துல தாடைக்குக் கீழ ஒரு வளைவா வரும். அதுக்குப் பதிலா கழுத்துக்கு வராம காதுக்குப் பின்னாடி போய் முடிக்குள்ள மறையுற மாதிரியும் போடலாம், முகச் சுருக்கம் எடுக்குற ஆபரேஷனுக்குப் போடுற மாதிரி. கட்டி பெருசா முன்னாடி வந்துருந்தா இதுல எட்டாதுனு டாக்டர் சொல்லலாம், அப்ப அடம்பிடிக்காதீங்க, நரம்பு தெளிவாத் தெரியுறதுதான் முக்கியம், தழும்பை முடியும் மல்லிப்பூவும் மறைச்சுரும்.

நிரப்புறது பத்தி. சுரப்பிய எடுத்தா காதுக்கு முன்னாடியும் தாடை மூலைக்குப் பின்னாடியும் ஒரு பள்ளம் விழும், ஒல்லியான ஆளுக்கு ரொம்பவே தெரியும். அதே ஆபரேஷன்லயே சரி பண்ண சில வழி இருக்கு. தோலுக்குக் கீழ ஒரு சவ்வு மாதிரி அடுக்கு இருக்கு, அதை மடிச்சுத் தைச்சு மேடாக்குறது சின்னப் பள்ளத்துக்குப் போதும். வயித்துலருந்து மேல் தோலைச் சீவிட்டு அடித்தோலும் கொழுப்புமா ஒரு துண்டு எடுத்து உள்ள வைக்கிறது இன்னொண்ணு, கொஞ்சம் சுருங்கும்னு தெரிஞ்சே கூடுதலா வைப்பாங்க, அதனால மொத மாசம் கன்னம் உப்பலாத் தெரிஞ்சா பயப்படாதீங்க. கழுத்துல தலையைத் திருப்புற தசை இருக்குல்ல, அதுல மேல் பகுதிய ஒரு பட்டை மாதிரி பிரிச்சுத் திருப்பி வைக்கிறது மூணாவது. இது கேக்க நல்லாருக்கும், ஆனா எங்க பக்கத்துல ஏலக்காய் மூட்டை தூக்குறவங்க, தலைச்சுமை சுமக்குறவங்க ஒண்ணு கேட்டுக்கணும், அந்தத் தசைக்குள்ளயும் பக்கத்துலயும்தான் தோளைத் தூக்குற நரம்பு ஓடுது, அதுக்கு ஒண்ணும் ஆகாதேனு. கன்னம் நெறைஞ்சு தோள் தொங்குனா வேலைக்குப் போறவங்களுக்கு அது லாபமான யாவாரம் இல்ல. கேன்சர்னு பெருசா வெட்டி எடுத்தவங்களுக்குத் தொடையிலருந்து கொழுப்பையும் ரத்தக் குழாயையும் சேத்து எடுத்து, மைக்ராஸ்கோப் வச்சு கழுத்து ரத்தக் குழாயோட இணைப்பாங்க, அது எட்டு மணி நேரம் பத்து மணி நேரம் ஆகுற வேலை.

எல்லா டாக்டரும் ஒடனே நிரப்ப ஒத்துக்க மாட்டாங்க. கட்டி திரும்ப வருதான்னு தொட்டுப் பாக்கணும், ஸ்கேன்ல பாக்கணும், மேல அடைச்சு வச்சா மறைஞ்சுரும்னு ஒரு பயம், அதுல நியாயமும் இருக்கு. வெட்டுன ஓரத்துல மிச்சம் இல்லாம சுத்தமா வந்த சாதுக் கட்டின்னா ஒடனே நிரப்பலாம், கேன்சர்ல சந்தேகம் இருந்தா பயாப்சி ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பொறுக்கலாம், இதுதான் என் கணக்கு. உங்க டாக்டர் கணக்கு வேறயா இருந்தா அவரு சொல்றதைக் கேளுங்க.

சரி, ஆபரேஷன் முடிஞ்சுருச்சு. தலையைச் சுத்திக் கட்டு, கழுத்துல நீர் வடிய ஒரு டிரெயின் டியூப், அதை ரெண்டு மூணு நாள்ல எடுத்துருவாங்க. அக்கா கண்ணு முழிச்சதும் மச்சானைப் பாத்துச் சிரிச்சுச்சு, இடது பக்கம் மட்டும் போச்சு, வலது பக்கம் சாத்துன கடை மாதிரி நின்னுச்சு. மச்சான் வெளிய வந்து அழுதுட்டாரு. ஊருக்குள்ள அதுக்குள்ள "பக்கவாதமாம்"னு பரவிருச்சு. பக்கவாதம் இல்ல இது. நரம்பு அறுபடாம இருந்தாலும் அதைத் தொட்டு, விலக்கி, இழுத்ததுல அசந்து போகும், ரொம்பப் பேருக்கு கொஞ்சமாவது இப்படி ஆகும், சில வாரத்துல ஆரம்பிச்சு ஆறு மாசத்துக்குள்ள பெரும்பாலும் திரும்பிரும், சிலருக்கு ஒரு வருசம் வரைக்கும் இழுக்கும். அதனால மொதல்ல டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. நரம்பு முழுசா இருக்கா, இல்ல வெட்டுனீங்களா? "கொஞ்சம் வீக்கா இருக்கு, சரியாயிரும்"னு மழுப்புனா விடாதீங்க, ஆபரேஷன் நோட்ஸ்ல எழுதியிருப்பாங்க, டிஸ்சார்ஜ் சம்மரியில அதை எழுதச் சொல்லி வாங்குங்க. இனி செய்யப்போற எல்லாமே அந்த ஒரு பதில்லதான் இருக்கு.

இப்ப கண்ணு. அக்காவுக்கு வலது இமை முக்காவாசிதான் மூடும். டிஸ்சார்ஜ் பண்ணும்போது சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க, நாங்க ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தவறாமக் குடுத்துட்டு சொட்டு மருந்தை எப்பவாச்சும் விட்டோம். மூணாவது வாரம் "வீட்டுல உக்காந்து என்ன பண்ண"னு அக்கா மலைக்கு வேலைக்குக் கெளம்பிருச்சு. காலையில அஞ்சரைக்கு ஜீப்பு, உள்ள பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க, பக்கவாட்டுல தார்ப்பா படபடன்னு அடிக்க லோயர்கேம்ப்லருந்து குமுளி வரைக்கும் மலைக்காத்து மூஞ்சில நேராப் பாயும், மூடாத கண்ணுக்கு அது என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. நாலாம் நாள் கண்ணு செக்கச்செவேல்னு ஆகி, மங்கலா இருக்குனு சொன்னப்புறம் தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். கருவிழி காஞ்சு பொரிஞ்சு போயிருக்கு, இன்னும் கொஞ்சம் விட்டுருந்தா புண்ணாகி வெள்ளை விழுந்துருக்கும்னாங்க.

அதனால கண்ணு முழுசா மூடலைனா இதைச் செய்ங்க. பகல்ல செயற்கைக் கண்ணீர் சொட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது, காத்துல தூசில இருந்தா இன்னும் அடிக்கடி. ராத்திரி படுக்கும்போது களிம்பு போட்டு, இமையைக் கையால இறக்கி மூடி, காகித டேப் வச்சு ஒட்டணும். டேப்பைக் குறுக்கால, மேல் இமையிலருந்து கன்னத்துப் பக்கமா ஒட்டணும். பஞ்சை மட்டும் மேல வச்சுக் கட்டாதீங்க, உள்ள கண்ணு தொறந்துருச்சுன்னா பஞ்சே கருவிழியை ஒரசும். வெளிய போனா பக்கமும் மூடுன கண்ணாடி, வெல்டிங் கடையில போடுறது மாதிரி வெள்ளைக் கண்ணாடியே போதும், ஜீப்புல டிரைவருக்குப் பின்னாடி நடு சீட்டு. கண்ணு செவந்தாலோ, வலிச்சாலோ, மங்குனாலோ அன்னைக்கே கண் டாக்டர். மரத்துப்போன கண்ணுக்கு வலியே தெரியாமயும் இருக்கும், அதனால வலி இல்லைனு சும்மா இருந்துராதீங்க.

நரம்பு திரும்ப நாளாகும்னா, இல்ல வெட்டியாச்சுன்னா, மேல் இமைக்குள்ள தங்கமோ பிளாட்டினமோ சின்னத் தகடு வைப்பாங்க, ஒரு கிராமுக்கு முன்னப்பின்ன இருக்கும். கண்ணைத் தொறக்குற தசை வேற நரம்புல ஓடுது, அது நல்லாத்தான் இருக்கும், மூடுறதுதான் போச்சு, அதனால வெயிட் வச்சா இமை தானா இறங்கும், அவ்வளவுதான் தந்திரம். எத்தனை கிராம்னு மொதல்ல வெளிய இமை மேல ஒட்டிப் பாத்து, உக்கார வச்சு, முடிவு பண்ணுவாங்க. அக்காவுக்கு இது தேவைப்படல. பக்கத்துக் கட்டில்ல இருந்த வண்டிப்பெரியார் அண்ணனுக்கு வச்சாங்க. எங்கம்மா பொன்னுக்கு வீங்கிக்குச் செயின் போட்ட கதையைக் கேட்டுட்டு அவரு "அம்மா, கழுத்துல போடுறதை டாக்டர் கண்ணுல போட்டுட்டாரு, பொன்னு பொன்னுதான்"னாரு. நரம்பு திரும்பிருச்சுன்னா அந்தத் தகடை எடுத்துரலாம். கீழ் இமை தொங்குச்சுன்னா அதை இழுத்துக் கட்ட, கண்ணோட வெளி ஓரத்தைக் கொஞ்சம் தைச்சுச் சுருக்க வேற வழியும் இருக்கு.

அந்த அண்ணனுக்குக் கேன்சர், நரம்பைச் சுத்தியே பிடிச்சிருந்ததால வெட்டித்தான் ஆகணும். ஆனா அவரு விசயத்துல டாக்டருங்க ஒழுங்காச் செஞ்சாங்க, வெட்டுன அன்னைக்கே ஒட்டுப் போட்டுட்டாங்க. வெட்டுன ரெண்டு முனையும் எட்டுனா நேராத் தைப்பாங்க, எட்டலைனா காது மடலுக்குப் போற உணர்ச்சி நரம்பையோ, கெண்டைக்கால்ல பின்னாடி ஓடுற நரம்பையோ எடுத்து நடுவுல பாலம் போடுவாங்க. கால்ல எடுத்தா பாதத்துல வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போகும், நடக்கத் தொந்தரவு இல்ல. இதுக்குப் பொறுமை வேணும், நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், மாசத்துக்கு ஒரு அங்குலம்னு வச்சுக்கங்க, அதனால ஆறு மாசம் எட்டு மாசம் எதுவுமே அசையாது, அப்புறம் ஒருநாள் கன்னம் லேசாத் துடிக்கும்.

வெட்டியாச்சு, ஒட்டும் போடலைனாதான் கெடு ஓட ஆரம்பிக்குது. நரம்பு இல்லாத தசை கொஞ்சம் கொஞ்சமாச் செத்து நாராப் போயிரும், பன்னெண்டு மாசத்துலருந்து பதினெட்டு மாசம், மிஞ்சிப்போனா ரெண்டு வருசம், அதுக்குள்ள ஏதாச்சும் ஒரு நரம்பைக் கொண்டாந்து இணைச்சாகணும். மெல்லுற தசைக்குப் போற நரம்புல ஒரு கிளையை எடுத்து இணைக்கிறது இப்ப நெறைய பண்றாங்க, பல்லைக் கடிச்சா சிரிப்பு வரும், பழகப் பழகக் கடிக்காமயே வரும்னு சொல்றாங்க. நாக்கு நரம்புலருந்தும் எடுக்கலாம். "ஒரு வருசம் பாப்போம், ரெண்டு வருசம் பாப்போம்"னு சொல்றது நரம்பு முழுசா இருக்குறவங்களுக்குத்தான் பொருந்தும், அறுந்தவங்க காத்திருந்தா நட்டம்தான். இந்த வித்தியாசத்துக்காகத்தான் மேல அந்த ஒத்தக் கேள்விய அவ்வளவு வற்புறுத்திச் சொன்னேன்.

கெடு தாண்டிப் போச்சா? அப்பவும் வழி இருக்கு, ஆனா பெரிய வழி. தொடையோட உள்பக்கத்துலருந்து ஒரு தசைத் துண்டை நரம்போட எடுத்துக் கன்னத்துல வச்சு இணைக்கிறது, ஜப்பான்ல 1976ல மொதமொதல்ல எழுதுனாங்க, இன்னைக்கும் சிரிப்பைத் திரும்பக் கொண்டாற அதைத்தான் பெருசா நம்புறாங்க. நெத்திப்பொட்டுப் பக்கத்துல, காதுக்கு மேல, கடிக்கிற தசை இருக்குல்ல, அதோட நாரை எறக்கி வாய் ஓரத்துல கட்டுறது இன்னொண்ணு, வயசானவங்களுக்கு இது நல்லது, சீக்கிரம் பலன் தெரியும். ஒண்ணுமே வேணாம், சாப்பிடும்போது வாய் ஓரத்துல தண்ணி ஒழுகாம இருந்தாப் போதும்ங்கிறவங்களுக்குத் தொடையிலருந்து நார்ப்பட்டை எடுத்து ஒரு தொட்டில் கயிறு மாதிரி வாய் ஓரத்தை மேல இழுத்துக் கட்டுவாங்க, அசைவு வராது, தொங்கல் போயிரும்.

இனி நரம்பு முழுசா இருக்குறவங்க வீட்டுப் பயிற்சி. இதுல நாங்க பண்ண தப்பு, கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு முழு பலத்தோட "ஈஈ"னு இழுக்குறது, பலூன் ஊதுறது, பபிள்கம் மெல்லுறது. பிசியோதெரபி மேடம் பாத்துட்டுத் திட்டிவிட்டாங்க. முக்கி முக்கிச் செஞ்சா திரும்பி வர்ற நரம்புக வழி மாறிப் போயிரும், அப்புறம் சிரிச்சா கண்ணு சேந்து மூடும், கண்ணைச் சிமிட்டுனா வாய் இழுக்கும். அதனால சின்னச் சின்னதா, மெதுவா, ரெண்டு பக்கமும் சமமா வர்ற அளவுக்கு மட்டும் அசைக்கணும், நல்ல பக்கம் கூடுதலா இழுத்தா விரல் வச்சு அதை அடக்கணும். ஒரு தடவைக்கு அஞ்சு நிமிசம், நாளைக்கு ரெண்டு மூணு தடவை. கரண்ட் வைக்கிறதுனு ஒண்ணு ஊர்ல எல்லாரும் சொல்வாங்க, அதுல பெருசாப் பலன் இருக்குறதா உறுதியா நிரூபணம் ஆகல, நான்னா அந்தக் காசுக்குச் சொட்டு மருந்து வாங்குவேன். வாரத்துக்கு ஒருநாள், ஒரே எடத்துல, ஒரே வெளிச்சத்துல வீடியோ எடுங்க, நெத்தியைத் தூக்கி, கண்ணை மூடி, கன்னத்தை உப்பி, பல்லைக் காட்டி, கீழுதட்டை எறக்கி. தெனம் கண்ணாடி பாக்குறவங்களுக்கு முன்னேத்தம் தெரியாது, ரெண்டு மாச வீடியோவை அடுத்தடுத்துப் பாத்தா தெரியும். அக்காவுக்கு நாலாம் மாசம் கண்ணு மூடுச்சு, கீழுதடு மட்டும் பத்து மாசம் படுத்துச்சு. அந்தக் கிளைதான் ரொம்ப மெல்லிசு, பெரும்பாலும் அதுதான் கடைசியில வரும்.

நரம்பு வழி மாறிப் போயிருச்சுன்னாலும் போடாக்ஸ் ஊசி இருக்கு, தப்பா இழுக்குற தசைக்கு அளவாப் போட்டு அடக்குவாங்க, சிலருக்கு நல்ல பக்கத்துலயும் கொஞ்சம் போட்டு ரெண்டையும் சமமாக்குவாங்க. மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடணும்.

இடையில வர்ற சில்லறைத் தொந்தரவு ரெண்டைச் சொல்லிருறேன். ஒண்ணு, தையல் பிரிச்சப்புறம் சாப்பிடச் சாப்பிட காதுக்குக் கீழ புஸ்னு வீங்குனா அது எச்சி உள்ள தேங்குறது, டாக்டர் ஊசி விட்டு உறிஞ்சி எடுத்து இறுக்கிக் கட்டுவாரு, சில வாரம் புளி, ஊறுகா, எலுமிச்சை பக்கமே போகக் கூடாது, பெரும்பாலும் தானா அடைஞ்சுரும். இன்னொண்ணு காது மடல். அதுக்குப் போற நரம்பு அறுந்துரும் இல்ல அடிபடும், மடல் மரத்துப்போகும், மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். அக்கா ஜிமிக்கியப் போட்டுக்கிட்டு சேலை மாட்டி இழுத்து ஓட்டை கிழிஞ்சு ரத்தம் தோள் வரைக்கும் வந்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு. திருகாணி தோடு, கனமான தொங்கல் எதுவும் ஒரு வருசத்துக்கு வேணாம். அதைவிட ஆபத்து ஒத்தடம். வீங்கிருக்குனு செங்கலைச் சுட வச்சு, உப்பைத் துணியில கட்டிச் சூடா வைப்பாங்க நம்ம வீட்டுப் பாட்டிமாருங்க, மரத்த எடத்துக்குச் சூடு தெரியாது, தோலு வெந்துரும். ஒத்தடமே வேணாம். ஆம்பளைங்க ஷேவிங்கும் அந்தப் பக்கம் கண்ணாடி பாத்துத்தான்.

குழிக்கு வருவோம். ஆறு மாசம் வரைக்கும் வீக்கமும் கூடக்கொறையவும் இருக்கும், அதுக்குள்ள முடிவு பண்ணாதீங்க. அக்காவுக்கு ஒம்பது மாசம் கழிச்சும் காதுக்குக் கீழ கட்டைவிரல் பதியுற அளவுக்குப் பள்ளம். அப்பத்தான் வயித்துக் கொழுப்பை எடுத்து ஊசியாப் போடலாம்னாங்க. தொப்புள் பக்கத்துல சின்ன ஓட்டை போட்டு மெல்லிசான குழாயில கொழுப்பை உறிஞ்சி, சுத்தி வடிகட்டி, கன்னத்துல பல அடுக்குல நூலு நூலா விட்டுட்டு வருவாங்க. மொத்தையாப் போட்டா நடுவுல உள்ளதுக்கு ரத்தம் கெடைக்காம கரைஞ்சுரும், அதனாலதான் நூல் நூலா. அப்படிப் போட்டாலும் மொத மூணு நாலு மாசத்துல ஒரு பங்கு கரையத்தான் செய்யும், பாதிகூடப் போகலாம். ரெண்டாவது தடவை, சிலருக்கு மூணாவது தடவை போட வேண்டியிருக்கும்னு மொதல்லயே மனசைத் தயார் பண்ணிக்கங்க, இல்லைனா "ஏமாத்திட்டாங்க"னு தோணும். அக்காவுக்கு ரெண்டு தடவை ஆச்சு. பீடி சிகரெட் இருந்தா ஒட்டாது, அந்தப் பக்கம் அழுத்திப் படுக்கக் கூடாது, அப்புறம் உடம்பு பெருத்தா கன்னத்துல வச்ச கொழுப்பும் கூடவே பெருக்கும், வயித்துக் கொழுப்பு வயித்துப் புத்தியைத்தான் காட்டும்.

ரேடியேசன் எடுத்தவங்களுக்கு, வழக்கமா ஆறு வாரம் கிட்ட ஓடும், தோலு விறைச்சு ஒட்டிப் போயிருக்கும். அதுக்கும் இந்தக் கொழுப்பு ஊசி தோலைக் கொஞ்சம் இளக்கிக் குடுக்கும், ஆனா கேன்சர் டாக்டர் சரினு சொன்னப்புறம்தான். ரேடியேசனுக்கு முன்னாடியே பல் டாக்டரைப் பாத்துச் சொத்தைப் பல்லை எடுத்துருங்க, அப்புறம் எடுத்தா தாடை எலும்பு ஆறாமப் போகலாம்.

பியூட்டி பார்லர்ல "பள்ளத்தை நிரப்புற ஃபில்லர் ஊசி போட்டு ஒரே நாள்ல சரி பண்ணிரலாம்"னு சொல்ற எடத்துக்குப் போகாதீங்க. முகத்துல ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள்ள போயிருச்சுன்னா தோல் கருகும், கண்ணே போகும், அதுவும் வெட்டித் தைச்ச எடத்துல உள்ள எது எங்க இருக்குனு அவங்களுக்கு எப்படித் தெரியும்.

காசு விசயம். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, ஆனா எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆபரேஷன் அதுல வருதுனு அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடி காப்பீட்டு கவுண்டர்ல உக்காந்து கேட்டுருங்க. எங்க ஊரு பக்கம் நெறையப் பேருக்கு வேலை அங்கிட்டு கேரளாவுல, ரேஷன் கார்டு இங்கிட்டு, மலை தாண்டிப் போய் அட்மிட் ஆயிட்டுக் கார்டு செல்லாதுனு தெரிஞ்சா அப்புறம் அலைச்சல்தான். தனியார் இன்சூரன்ஸ்ல அழகுக்காகச் செய்றதுனு எழுதிட்டா காசு வராது, கேன்சருக்கப்புறம் இல்ல மருத்துவத் தேவைக்காக முகத்தைச் சீரமைக்கிறதுன்னா வரும். ஒரே ஆபரேஷன்தான், ஒரு வரியில மாறிரும், அதனால டாக்டர் எழுதுற லெட்டரைப் படிச்சுப் பாத்து வாங்குங்க.

தழும்பு. இதுக்கு அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. தையல் ஆறுனப்புறம், மூணாவது வாரத்துலருந்து தேங்கா எண்ணெய் தொட்டு விரலால வட்டமா அழுத்தி நீவிவிடுங்க, சிலிக்கான் ஜெல் இல்ல ஒட்டுற ஷீட்டு ரெண்டு மூணு மாசம், வெயில் படாம துண்டு. வீங்கித் தடிச்சு அரிக்க ஆரம்பிச்சா கெலாய்டா இருக்கும், சீக்கிரம் காட்டுனா ஊசியில அடங்கும். ஒரு வருசம் கழிச்சுத்தான் தழும்போட உண்மையான நெறம் தெரியும்.

கடைசியா ஒண்ணு, இது எல்லாம் முடிஞ்சு நிம்மதியா இருக்கும்போது வரும். ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருசம் இருக்கும், கம்பத்துல பன்னீர் திராட்சை சீசன், அக்கா ஒரு கொத்தை எடுத்து வாயில போட்டுச்சு, வலது கன்னத்துல செவப்பு ஏறி வேர்வை முத்து முத்தா எறங்குது, இடது கன்னம் காஞ்சு கெடக்கு. நெல்லிக்கா, மாங்கா, ஊறுகா, எதைத் தின்னாலும் இதே கூத்து. அம்மா ஒடனே குலசாமிக்கு முடிஞ்சு வச்சுட்டாங்க. இது ஃபிரே சிண்ட்ரோம், போலந்து நாட்டு டாக்டரம்மா லூசியா ஃபிரே 1923ல இதை விவரமா எழுதுனாங்க. எச்சி ஊற வைக்கிற நரம்பு, தன்னோட சுரப்பியக் காணோம்னு தேடி வளந்து தோல்ல உள்ள வேர்வைச் சுரப்பியில போய் ஒட்டிக்கிது, நீங்க புளிப்பைத் தின்னா வாயில ஊற வேண்டியது கன்னத்துல ஊறுது. ஆபத்து எதுவும் இல்ல. ஆபரேஷன் அன்னைக்கே கொழுப்போ தசையோ வச்சு நிரப்பியிருந்தா நடுவுல ஒரு தடுப்பு மாதிரி இருந்து இது வர்ற வாய்ப்பு கொறையும், நாங்க கேக்காம விட்ட ரெண்டாவது கேள்வி இங்கயும் வந்து நின்னுச்சு.

டாக்டர் கன்னத்துல அயோடின் தடவி, காஞ்சதும் கோபி மஞ்சூரியனுக்குப் போடுற சோள மாவைத் தூவி, எலுமிச்சைத் துண்டைச் சப்பச் சொன்னாரு, வேர்த்த எடம் மட்டும் நீலக்கருப்பா மாறுச்சு. அந்த எடத்துல போடாக்ஸ் ஊசி போட்டா பல மாசத்துக்கு வேர்க்காது, சிலருக்கு ஒரு வருசத்துக்கு மேலயும் தாங்கும். அக்கா ஊசி வேணாம்னுருச்சு, கல்யாண வீட்டுப் பந்திக்கு மட்டும் வேர்க்காம இருந்தாப் போதும்னுச்சு, அதுக்கு அலுமினியம் குளோரைடு உள்ள ரோல்-ஆன் எழுதிக் குடுத்தாங்க. அதை ராத்திரி படுக்கும்போது நல்லாக் காஞ்ச தோல்லதான் போடணும், ஈரத்துல போட்டா எரியும், காலையில கழுவிரணும், கண்ணுப் பக்கம் கொண்டு போகவே கூடாது.